அபார்கா பாஸ்க் சொல்லா, ஐபீரியாவின் பொதுச் சொத்தா?

வேர்தேடி: ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்ப உழவர்களின் பழைய தோல் செருப்பு அபார்கா. ஸ்பானியத்திலும், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசப்படும் பாஸ்கிலும் ஒரே பெயர். ஸ்பெயினின் மெனோர்காத் தீவில் அவார்கா. பாஸ்கில் 'அபார்' என்றால் மரக்கிளை. அதிலிருந்துதான் இது பிறந்திருக்க வேண்டும். வட ஸ்பெயினின் பாம்பலோனா அரசை 970 முதல் 994 வரை ஆண்ட இரண்டாம் சான்சோ கார்சேசுக்கே 'அபார்கா' பட்டப்பெயர்தானே!

குத்தூசி: செருப்பில் கிளை எங்கே ஐயா வந்தது? பாஸ்க் அபார்கா ஒரே துண்டு மாட்டுத்தோல். ஓரம் நெடுகத் துளையிட்டு, கயிறு கோத்து இழுத்தால் விரல்பக்கம் சுருங்கிக் கூம்பும். கெண்டைக்காலில் கம்பளித் துணி சுற்றி, அதன்மேல் கயிற்றை வரிந்து கட்டுவார்கள். துளை விளிம்பை ஒட்டி விழுந்தால் இழுக்கும்போதே பிய்யும். காய்ந்த தோலில் சுருக்கம் படியாது, ஈரத்தோடு இழுக்க வேண்டும்.

'அபார்' பின்னால் வரும் 'கா' விகுதியும் உங்களுக்கு உதவாது. 'ஹர்ரி' கல், 'ஹர்ரிகா' கல்லெறிந்து. பொதுவாக வினையடைதான் அதில் பிறக்கும். மன்னர் பட்டத்தையும் நம்ப முடியாது. சில பழைய நூல்கள் அதைப் பாட்டனார் முதலாம் சான்சோவுக்குச் சூட்டுகின்றன.

வேர்தேடி: விகுதி கிடக்கட்டும். லத்தீன் வருமுன் அங்கே பேசப்பட்டு இன்றும் பிழைத்திருப்பது பாஸ்க் ஒன்றுதான். வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்?

குத்தூசி: பிழைத்திருப்பதாலேயே தாயாகிவிடுமா? ஐபீரியம், செல்டிபீரியம் எல்லாம் மறைந்த மொழிகள். அவற்றிலிருந்து பாஸ்க்கும் கடன் வாங்கியிருக்கலாம். ஸ்பானிய அரச அகாதமி அகராதி 'ரோமானியருக்கு முந்தைய மூலம்' என்கிறது. கிளைக் கதையை நிலைநாட்ட அது போதாது.

தீவுக்காற்று: மெனோர்காவின் 'வ'வை இருவருமே கவனிக்கவில்லை. குதிரை ஸ்பானியத்தில் 'கபாயோ', மெனோர்காவில் பேசும் காட்டலான் மொழியில் 'கவாய்'. அதே ஒழுங்கில்தான் அபார்காவும் அவார்காவும் நிற்கின்றன. ஸ்பானியத்திடம் அண்மையில் வாங்கிய சொல்லாக இருந்தால் 'ப' அப்படியே தங்கியிருக்கும். பொருள்தான் வேறு: அங்கே விரல் தெரியும் முன்தோல் ஒன்று, குதிகால் வார் ஒன்று, இரண்டும் அடிப்பாகத்தோடு தைக்கப்படும். 20ஆம் நூற்றாண்டில் கார் டயரை அறுத்தே அடிப்பாகம் போட்டார்கள்.

வேர்தேடி: அப்படியானால் சணல் அடி வைத்த அல்பார்காத்தாவையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பீர்களா? அது தோலே இல்லையே.

தீவுக்காற்று: தாராளமாக. அபார்காதான் ஐபீரியாவில் ஒருகாலத்தில் பேசப்பட்ட அந்தலூசிய அரபியில் 'பார்கா' ஆனது, பன்மை 'பார்காத்'. முன்னால் 'அல்' சேர்ந்து அல்பார்காத்தா ஆனது. சொல் நார்ச் செருப்புக்குத் தாவினாலும் அங்கேயே நின்றுவிடவில்லை. போர்த்துகீசியத்தில் அல்பெர்காத்தா ஆகிக் கடல் கடந்தது. வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்து மாட்டுக்காரர்கள் அந்தப் பெயரில் தோல் செருப்பைத்தான் போடுகிறார்கள்.