ராணுவத்தில் கணவர், அடிக்கடி இடமாற்றம்: மைசிஏஏ பணத்தில் எதைப் படிக்கலாம்?

கொங்குக்கிளி:
எல்லோருக்கும் வணக்கம். கணவர் அமெரிக்க ராணுவத்தில் ஆக்டிவ் டியூட்டி, சம்பள நிலை இ-4. இப்போது டெக்சாஸ். அடுத்த வருஷம் வேறு மாநிலம், இல்லை ஜெர்மனி என்கிறார்கள். எனக்கு கிரீன் கார்டு உண்டு. இந்தியாவில் பி.காம் முடித்தேன், இங்கே வேலை அனுபவம் இல்லை. ராணுவத்தினரின் வாழ்க்கைத்துணை படிக்க உதவித்தொகை தரும் மைசிஏஏ திட்டத்தில் 4,000 டாலர் கிடைக்குமாம். இரண்டு ஆன்லைன் பள்ளிகள் விடாமல் போன் செய்கின்றன: ஒன்று மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களை பில்லுக்கான கோடு எண்களாக மாற்றும் வேலை), இன்னொன்று ரியல் எஸ்டேட் லைசன்ஸ். எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும் வேலைக்கு எது சரி? பி.காம் எதற்காவது உதவுமா?

கணக்குப்பிள்ளை:
படிப்பைப் பார்ப்பதற்கு முன்னால், லைசன்ஸ் கொடுப்பது யார் என்று பாருங்க. ரியல் எஸ்டேட் லைசன்ஸ் மாநிலம் கொடுப்பது. டெக்சாஸில் மட்டும் 180 மணி நேரப் பாடம். ராணுவக் குடும்பங்களின் லைசன்ஸைப் புது மாநிலமும் ஏற்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்தியச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் நீங்க சேர்த்த வாடிக்கையாளர்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக முடியாதே.

பி.காம் படித்தவருக்கு என் ஓட்டு என்ரோல்டு ஏஜென்டுக்கு, அதாவது உரிமம் பெற்ற வரி ஆலோசகர் வேலைக்கு. மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் கொடுக்கிற உரிமம் என்பதால் எல்லா மாநிலத்திலும் செல்லும். பட்டமே கேட்பதில்லை, அதனால் இந்தியப் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கும் செலவும் இல்லை. முதலில் பிடின் நம்பர் (வரிக்கணக்கு தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் எண்) எடுக்கணும். பிறகு மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 100 கேள்வி, மூன்றரை மணி நேரம். மூன்றையும் 3 வருஷத்துக்குள் முடித்தால் போதும், ஒன்றொன்றாகவே எழுதலாம். நம்ம ஊர் காமர்ஸ்காரர்கள் தடுமாறுவது தனிநபர் வரித் தாளில்: முழுக்க அமெரிக்க விதிகள், பி.காம் கைகொடுக்காது. பார்ட்னர்ஷிப், தேய்மானம் எல்லாம் வரும் இரண்டாம் தாளில்தான் பழைய படிப்பு பேசும். தேறியபின் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் படிவம் 23. அப்போது உங்க சொந்த வரிக்கணக்கையும் ஐஆர்எஸ் சரிபார்க்கும், தாக்கல் செய்யாத வருஷம் இருந்தால் அங்கேயே நிற்கும். உரிமம் வந்தபின் 3 வருஷத்துக்கு 72 மணி நேரத் தொடர்கல்வி, எந்த வருஷமும் 16-க்குக் குறையக் கூடாது.

அனுபவத்துக்கு வீட்டா. இலவச வரிச்சேவை தரும் தன்னார்வத் திட்டம், பல ராணுவத் தளங்களிலேயே நடக்கும். பயிற்சியும் இலவசம். இரண்டு சீசன் செய்தால் ரெஸ்யூமேயில் போட ஏதாவது இருக்கும்.

கோடர்_மீனா:
கோடிங்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், ஆனால் பள்ளிக்காரர்கள் சொல்லாததைச் சொல்கிறேன். கோடர் சான்றிதழுக்கான சிபிசி தேர்வு 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் வேண்டும், கோடு புத்தகங்களை வைத்துக்கொண்டே எழுதலாம். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் அப்ரென்டிஸ் என்று 'ஏ' ஒட்டிக்கொள்ளும். அதை நீக்க இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். 80 மணி நேரப் பாடத்தை ஒரு வருஷமாகக் கணக்கில் எடுப்பார்கள், மிச்சம் ஒரு வருஷத்துக்கும் அனுபவம் காட்டணும். வீட்டிலிருந்து செய்யும் வேலைகள் பெரும்பாலும் அந்த 'ஏ' இல்லாதவர்களுக்குத்தான். தொடக்கநிலை வேலைகள் எந்த ஊருக்குப் போகின்றன என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேர்வதாக இருந்தால், கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் நடப்பு வருஷப் புத்தகங்களும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்க. நோய்களுக்கான ஐசிடி கோடுகள் அக்டோபர் 1, சிகிச்சைகளுக்கான சிபிடி கோடுகள் ஜனவரி 1 என்று வருஷா வருஷம் மாறும், பழைய புத்தகம் ஆகாது.

பட்டாளத்து_வீடு:
மைசிஏஏ நடைமுறை பற்றி. 4,000 டாலர் என்பது மொத்த வரம்பு. ஒரு நிதியாண்டுக்கு, அதாவது அக்டோபர் முதல் செப்டம்பர் வரை, 2,000. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் படிப்பு என்றால் அந்த ஆண்டு வரம்பைத் தளர்த்தக் கேட்கலாம். பல பேக்கேஜ்களின் விலை 4,000-ஐ ஒட்டியே இருப்பதைக் கவனியுங்க, படிப்பின் மதிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் கல்வித் திட்டத்துக்கு ஒப்புதல், அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக நிதி விண்ணப்பம். வகுப்பு தொடங்கும் முன் ஒப்புதல் கையில் வரணும். நீங்களே கட்டிவிட்டுப் பின்னால் கேட்டால் தர மாட்டார்கள், பணம் நேராகப் பள்ளிக்குத்தான் போகும். பாடம் முடியும்வரை கணவர் ஆக்டிவ் டியூட்டியில் இருக்கணும், அவருடைய பணி ஒப்பந்தம் முடியும் தேதியை முதலில் பார்த்துவிடுங்க. தேர்வுக் கட்டணம் சேருமா என்பதை ராணுவக் குடும்பங்களுக்கான உதவி மையமான மிலிட்டரி ஒன்சோர்ஸின் ஆலோசகரிடம் கேளுங்க, இலவசம்: 800-342-9647.

கொங்குக்கிளி:
மிக்க நன்றி. ஜெர்மனி என்றால் வீட்டிலிருந்தே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்யலாம்தானே?

பட்டாளத்து_வீடு:
அப்படியே ஆரம்பித்துவிடாதீங்க. சோஃபா ஒப்பந்தமும் (அங்குள்ள அமெரிக்கப் படையினர், குடும்பத்தினரின் சட்ட நிலை பற்றிய நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம்) ஜெர்மன் வரியும் குறுக்கே வரலாம். தளத்தின் லீகல் ஆபீஸ், கம்பெனி இரண்டிடமும் எழுத்தில் சம்மதம் வேண்டும். தள வீட்டில் சொந்தத் தொழில் செய்ய தனி அனுமதி.

இன்னொன்று: தளத்தில் உள்ள மத்திய அரசு வேலைகளில் பலவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். கணவர் குடிமகன் என்றால், வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் குடியேற்றச் சட்டம் 319(பி) பிரிவில் குடியுரிமை விண்ணப்பமான என்-400 போடலாம், வழக்கமான 3 வருஷக் காத்திருப்பு கிடையாது. வெளிநாட்டுப் பணியைச் சான்றளிக்கும் டிடி 1278 படிவத்தைக் கணவரின் யூனிட்டில் கேட்டு வாங்குங்க. ஆர்டரில் உங்க பெயர் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்க.