வளர்ற பையனை டிரேட் பண்ணலாமா, வெச்சுக்கணுமா?

மணி_கோர்ட்சைடு:
2025 என்பிஏ (அமெரிக்க கூடைப்பந்து லீக்) ஃபைனல்ஸ் பார்த்ததிலிருந்து இதே யோசனைதான். ஓக்லஹோமா சிட்டிக்கு ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், இண்டியானாவுக்கு டைரீஸ் ஹாலிபர்டன். ரெண்டு பேருமே வேற டீம் டிரேட்ல, அதாவது வேற ஆளுக்கு மாத்தா, கொடுத்துட்ட பசங்க. ஷாயை கிளிப்பர்ஸ் கொடுத்தப்போ வயசு 20, ஆடினது ஒரே சீசன். ஹாலிபர்டனை சாக்ரமென்டோ கொடுத்தப்போ 21. வளர்ற பையனை எப்போ கொடுக்கலாம்? கொடுக்கவே கூடாதா?

தெற்குவாசல்:
கிளிப்பர்ஸ் மேல பழி போடாதீங்க ப்ரோ. 2019ல ஸ்டார் ஆட்டக்காரர் காவாய் லெனர்ட் வரணும்னா கூடவே ஓக்லஹோமாவிலிருந்து பால் ஜார்ஜும் வரணும்னு நிலைமை, அதுக்குத்தான் ஷாயைக் கொடுத்தாங்க. ஷாயோட ரூக்கி (முதல் சீசன்) சராசரி ஆட்டத்துக்கு 10.8 பாயிண்ட். அதைப் பார்த்து இவன் எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்) ஆவான்னு யார் சொல்லியிருப்பா? 2021ல கிளிப்பர்ஸ் முதல் தடவையா வெஸ்ட் ஃபைனல்ஸ் (மேற்குப் பிரிவு இறுதி) போனதும் அந்த டிரேடாலதான்.

ஊதா_கிங்ஸ்:
பாயிண்ட் சராசரியை மட்டும் பார்த்தா அப்படித்தான் தெரியும். ரூக்கி வருஷத்துல ஷாய் 82 ஆட்டமும் ஆடினான், அதுல 73ல ஆரம்பத்துலேயே இறங்கினான். அதுவும் பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு வர்ற நாக்-அவுட் சுற்று) போன டீம்ல. கோச்சுக்கு ரூக்கி மேல அவ்வளவு நம்பிக்கை சும்மா வராது. அவனோட அஞ்சு முதல் ரவுண்ட் பிக்கும் (டிராஃப்ட்ல, அதாவது புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையா எடுக்கிறதுல, ஆள் எடுக்கிற உரிமை) போச்சு, அதுல ஒண்ணுல ஓக்லஹோமா எடுத்த ஆள்தான் ஜேலன் வில்லியம்ஸ். பால் ஜார்ஜோ 2024ல ஃப்ரீ ஏஜென்ட்டா (காண்ட்ராக்ட் முடிஞ்ச ஆளா) ஃபிலடெல்ஃபியா போயிட்டார், கிளிப்பர்ஸுக்குப் பதிலுக்கு ஒண்ணும் கிடைக்கல.

எனக்கு இன்னும் ஆறாதது எங்க சாக்ரமென்டோ கிங்ஸ் விஷயம். டிஆரன் ஃபாக்ஸ் இருக்கார், ஹாலிபர்டன் இருக்கான், 2021 டிராஃப்ட்ல டேவியன் மிட்செல்னு இன்னொரு கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துற இடத்து ஆள்). உள்ளே நின்னு ஆட பெரிய ஆள் இல்ல. அதனால 2022 பிப்ரவரியில ஹாலிபர்டனைக் கொடுத்து இண்டியானாவோட பெரிய ஆள் சபோனிஸை வாங்கினாங்க. அடுத்த சீசன் 48 வெற்றி, 16 சீசன் காத்திருந்து பிளேஆஃப். ஜெயிச்சதும் அரங்கத்து மேல ஊதா வெளிச்சம் ஏறுறதைப் பார்த்து நான் அழுதே இருக்கேன். சபோனிஸ் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஆனா ரெண்டு கார்டுல ஒருத்தர்தான்னா, ஃபாக்ஸைத்தான் கொடுத்திருக்கணும். அவருக்குப் பெரிய காண்ட்ராக்ட் அப்பவே ஆரம்பிச்சாச்சு. ஹாலிபர்டனுக்கு ரூக்கிக்கான குறைஞ்ச சம்பளம், இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. அதோட அவன் பந்தைத் தொட்டாலே கூட ஆடுறவனுக்கு நல்ல ஷாட் கிடைக்கும். ஸ்கோர் பண்றதைப் பழக்கலாம், அந்தப் பார்வையைப் பழக்குறது ரொம்பக் கஷ்டம். கடைசியில 2025 பிப்ரவரியில ஃபாக்ஸும் சான் அன்டோனியோ போயிட்டார்.

வளைகுடா_ரவி:
எதிர்க் கணக்கும் பாருங்க அண்ணா. 2020 டிராஃப்ட்ல ரெண்டாவது பிக்ல கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் எடுத்தது ஜேம்ஸ் வைஸ்மேன். மூணாவது பிக், அப்புறம் ஸ்டாரான லமெலோ பால். வைஸ்மேனை வெச்சுக்கிட்டே இருந்தாங்க, 2023 பிப்ரவரியில கொடுத்தப்போ கைக்கு வந்தது முக்கியமா கேரி பேட்டன் II. முதல் வருஷமே கொடுத்திருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்!

ஊதா_கிங்ஸ்:
ரவி, அவன் காலேஜ்ல ஆடினதே மூணு ஆட்டம். முட்டியில அடிபட்டு 2021-22 முழுக்க வெளியே. அவன் இல்லாமலே டீம் சாம்பியன். ஸ்டீஃபன் கர்ரி மாதிரி ஸ்டார் இருக்கிற டீமுக்கு ஒவ்வொரு ஆட்டமும் ஜெயிக்கணும். தப்பு பண்ணிப் பண்ணிக் கத்துக்க அந்தப் பையனுக்கு எங்கே நேரம்? அவனை வெச்சுக்கிட்டாங்களே தவிர, ஆட விடல.

மணி_கோர்ட்சைடு:
அப்போ ஆட விட முடியாத டீம் கொடுத்துடணும்ங்கறீங்களா?

ஊதா_கிங்ஸ்:
ஆமா, ரெண்டாவது சீசன் முடியறதுக்குள்ளேயே. மூணாவது சீசன் முடிஞ்சா எக்ஸ்டென்ஷன் (காண்ட்ராக்டை நீட்டிக்கிற) பேச்சு வந்துடும். அப்புறம் வாங்குற டீம் அவன் ஆட்டத்தோட, அடுத்து கொடுக்க வேண்டிய சம்பளத்தையும் சேர்த்துத்தான் விலை பேசும்.