தினசரித் தோட்ட வேலைக்கு ரோலர் மோவர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்து, தோட்டப் பராமரிப்பைச் சொந்தத் தொழிலாகத் தொடங்குகிறேன். வாடிக்கையாளர்கள் புல்தரையில் பட்டை பட்டையாகக் கோடு விழ வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பின்சக்கரத்துக்குப் பதில் உருளை உள்ள புல்வெட்டி, அதாவது ரோலர் மோவர், வேண்டும். தினமும் ஓட்டினால் தாங்குவது எது? பழையது வாங்கலாமா?

பதில்: தம்பி, குதிரைத்திறனைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேடு மட்டும் நிற்குமா என்பதுதான். வீட்டு உபயோக மாடல்களில் கைப்பிடியை விட்டால் எஞ்சினே நின்றுவிடும். ஒரே நாளில் ஆறேழு தோட்டம் வெட்டுகிறவர் புல் பெட்டியைக் கொட்டும் ஒவ்வொரு தடவையும் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால், கயிறும் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கும் சீக்கிரம் தேயும், தோள்பட்டையும் போகும். பிளேடை மட்டும் நிறுத்தும் பிளேடு கிளச் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஹோண்டாவில் இதற்கு ரோட்டோ-ஸ்டாப் என்று பெயர். கூடுதல் காசு கொடுக்கலாம், தப்பில்லை.

அடுத்து, பிளேடு எதிலாவது இடித்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். புதுத் தோட்டத்தில் மரவேர், கல், தண்ணீர்க் குழாய் முனை எல்லாம் புல்லுக்குள் மறைந்திருக்கும். பிளேடு நேராக எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டில் பூட்டியிருந்தால் அடி அப்படியே ஷாஃப்டில் இறங்கி அது வளைந்துவிடும். அதை மாற்றும் செலவுக்கு வேறு மெஷினே பார்க்கலாம் என்ற நிலை வரும். ஹெய்ட்டர் ஹாரியர் என்ற மோவரில் உள்ளது போல உராய்வுத் தட்டு இருந்தால், அடி விழும்போது அது வழுக்கிக் கொடுக்கும். ஷாஃப்ட் தப்பிக்கும்.

வெட்டும் அகலத்தை வாடிக்கையாளர் வீட்டு கேட்டை அளந்து முடிவு செய்யுங்கள். சின்னத் தோட்டங்களுக்கு 41 செ.மீ., கலவையான வேலைக்கு 48 முதல் 53 செ.மீ. போதும். 56 செ.மீ. திறந்த பெரிய புல்தரைக்கு நல்லது. குறுகலான பக்கவழிகளில் திருப்பவே முடியாது. எடையையும் பாருங்கள். தொழில்முறை மெஷின் 50 கிலோவுக்கு மேல் வரும், வேனில் ஏற்றச் சாய்பலகை வேண்டும்.

ரோலர் இரண்டு துண்டாக, நடுவில் டிஃபரன்ஷியலோடு (இரு துண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இருந்தால் திருப்பும்போது புல்லைக் கிழிக்காது. முழு ஒற்றை ரோலர் திருப்பத்தில் இழுபட்டு மண்ணைச் சுரண்டும். ரோலரில் முதலில் கெடுவது இரு ஓரத்துப் பேரிங்தான். புல் நார் அச்சில் சுற்றி, ஈரத்தைப் பிடித்து, துருவேற்றும். வாரம் ஒருமுறை நாரை அறுத்தெடுங்கள். செயின் டிரைவ் என்றால் அதன் தொய்வையும் அப்போதே பாருங்கள்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: முழங்கால் உயரப் புல்லுக்கும் மேடுபள்ளத்துக்கும் ரோலர் மோவர் ஆகாது. ஈரப்புல் பெட்டிக்குப் போகும் வழியில் அடைக்கும், வழுவழு ரோலர் சரிவில் வழுக்கும். அந்த வேலைக்கு நாலு சக்கர மோவர் தனியாக வேண்டும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

பராமரிப்பில் அதிகம் பேர் கோட்டைவிடுவது ஆயில். இந்த எஞ்சின்கள் சுமார் அரை லிட்டர்தான் கொள்ளும், அதனால் சீக்கிரம் கறுக்கும். புது எஞ்சினில் முதல் 5 மணி நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான கணக்கு. வீட்டுக்காரருக்கு அது ஒரு சீசன். தினம் நாலைந்து மணி நேரம் வெட்டுகிறவருக்கு இரண்டே வாரம். அடியில் சுத்தம் செய்யச் சாய்க்கும்போது கார்ப்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி வெள்ளைப் புகை கக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். குளிர்காலத்தில் டேங்கில் விட்டுவைத்தால் கார்ப்புரேட்டர் ஜெட் அடைபடும், காலி செய்துவிடுங்கள்.

பிளேடு மழுங்கினால் புல் நுனி வெட்டுப்படாமல் கிழிந்து, இரண்டே நாளில் பழுப்பாகும். தீட்டிய பிறகு நடு ஓட்டையை ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள். சமநிலை தவறிய பிளேடின் அதிர்வு முதலில் உங்கள் கையிலும், பிறகு எஞ்சின் பேரிங்கிலும் தெரியும்.

இன்னொரு பதில்: பழையது வாங்கலாம், ஆனால் நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடான எஞ்சின் குறையை மறைக்கும். ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, கையுறையோடு பிளேடைச் சுற்றுங்கள். ஒரு முனையிலிருந்து டெக் (பிளேடை மூடியிருக்கும் கூடு) விளிம்புக்கு உள்ள தூரத்தை அளந்து, அரைச் சுற்று திருப்பி மறுமுனையை அதே இடத்தில் அளக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் பிளேடோ ஷாஃப்டோ வளைந்திருக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் காசைக் கொடுக்காதீர்கள். பிறகு ரோலரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். டெக் ஸ்டீல் என்றால் பெட்டி மாட்டும் இடத்தையும் உள்விளிம்பையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். வார்ப்பு அலுமினியத்துக்குத் துரு பயமில்லை, விரிசலை மட்டும் தேடுங்கள்.

புதிது வாங்கினால் வாரன்டித் தாளில் தொழில் உபயோகத்துக்கு என்று தனியாக உள்ள வரியைப் படியுங்கள். மோவர் வரும் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வருடக்கணக்கு பெரும்பாலும் வீட்டு உபயோகத்துக்குத்தான். தொழிலுக்கு அது பல மடங்கு குறையும். டிரைவ் கேபிள், பிளேடு, கிளச் கேபிள் மூன்றும் பக்கத்து டீலரிடம் கையிருப்பில் உண்டா என்று வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.