ஹூனிவேர்ஸ்: இடையில் உள்ள ‘னி’ எங்கிருந்து வந்தது?

தலவாக்கலை வாசகன்:
பி.பி.சி.யின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான ‘டொக்டர் ஹூ’வின் கதையுலகை ரசிகர்கள் நெடுங்காலமாக ‘ஹூனிவேர்ஸ்’ என்கிறார்கள். 2023 நவம்பரில் பி.பி.சி.யும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. ‘ஹூ’வோடு ‘வேர்ஸ்’ என்ற பின்னொட்டு சேர்ந்து பிறந்த சொல் இது என்று பதுளை டீச்சர் எழுதியிருந்தார். ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படியென்றால் ‘ஹூவேர்ஸ்’ என்றல்லவா வந்திருக்க வேண்டும்? பிரபஞ்சத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துத் தமிழில் எழுதிப் பாருங்கள்: யூனிவேர்ஸ், ஹூனிவேர்ஸ். முதலெழுத்து மட்டுமே மாறியிருக்கிறது. ஒலி ஒத்துப்போனதால் பிறந்த சொல் இது.

பதுளை டீச்சர்:
தம்பி, யூனிவேர்ஸ் என்பதே இரண்டு துண்டுதான். இலத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘வெர்சுஸ்’ என்றால் திருப்பப்பட்டது. 1895இல் மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ‘மல்டிவேர்ஸ்’ என்று எழுதியபோது, ‘யூனி’யைக் கழற்றிவிட்டு, பல என்று பொருள்படும் ‘மல்டி’யை மாட்டினார். சொல்லின் மூட்டு அங்கேதான் இருக்கிறது. ‘பஃபி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் ‘பஃபிவேர்ஸ்’ என்றார்கள். அங்கே ‘னி’ இல்லை, ஆனாலும் கதையுலகம் என்ற பொருள் குறையவில்லை. பொருளைச் சுமப்பது ‘வேர்ஸ்’ மட்டுமே.

நானுஓயா:
முன்பாதியையும் கவனியுங்கள். கதைக்குள் நாயகனைப் பெரும்பாலும் ‘டொக்டர்’ என்றுதான் அழைக்கிறார்கள். ‘ஹூ’ என்பது ‘யார்?’ என்று தலைப்பில் நிற்கும் கேள்வி. கதைக்கு வெளியே இருந்து பார்த்தவர்கள் கட்டிய சொல் என்பதற்கு அதுவே போதும்.

தலவாக்கலை வாசகன்:
டீச்சர், ‘பஃபி’ தொடங்கியது 1997இல். ‘டொக்டர் ஹூ’ 1963இல். பின்னால் வந்த சொற்களோடு சேர்த்து வைத்து முன்னால் வந்த சொல்லுக்குப் பிறப்புச் சொல்லக்கூடாது. நம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தையே எடுங்கள். ஆங்கில ‘லைன்’ லயன் ஆனது, பிறகு லயம் ஆனது. இன்று தாளத்தின் லயத்துக்கும் வரிசை வீட்டின் லயத்துக்கும் எழுத்தில் வேறுபாடே இல்லை. அதற்காக நாம் குடியிருந்த பத்தடி அறை சங்கீதத்தில் பிறந்தது என்று எழுதுவோமா?

பதுளை டீச்சர்:
நீங்கள் காட்டிய லயமே என் பக்கம் பேசுகிறது. வட்டம், மாடம், கூடம் என்று பழகிய செவி, லயனையும் அந்த வரிசையில் உட்காரவைத்து ‘ம்’ கொடுத்தது. சொல்லைக் கேட்டவர்கள் அதை எந்தக் குடும்பத்தில் சேர்த்தார்கள் என்பதும் அதன் வரலாறுதான். ஹூனிவேர்ஸைக் கேட்கும் இன்றைய பிள்ளை அதை மல்டிவேர்ஸின் பக்கத்தில்தான் வைக்கிறது. முதலில் சொன்னவரின் வாயோடு சொற்பிறப்பு முடிந்துவிடாது.

தலவாக்கலை வாசகன்:
சேர்ந்த குடும்பம் வேறு, பிறந்த வீடு வேறு. நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘ஹூ + யூனிவேர்ஸ்’ என்றே பிரித்து எழுத வேண்டும் என்பது என் வாதம். பின்னொட்டின் கீழ் போடுபவர் அந்த ‘னி’க்கு முதலில் விளக்கம் தரட்டும்.