படத்துக்கு எந்தக் கண்ணாடி? பிரேம் போட்டவர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான், வீட்டுக்காரர்

எங்கள் வீட்டு முகப்பில் ஐயா காலத்து ரவிவர்மா அச்சுப் படங்கள் சில இருக்கின்றன. 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவாலா பக்கம் மளவலிக்கு மாறிய அச்சகத்தின் ஓலியோகிராஃப்கள். கல் அச்சில் ஒவ்வொரு வண்ணமாக ஏற்றி, மேலே வார்னிஷ் பூசியவை. அதில் ஒரு லட்சுமிக்குப் புடவைக் கரையில் சரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறது. சட்டம் தேக்கு, அதில் குறையே இல்லை. கண்ணாடிதான் மூலையில் விரிசல் விட்டுவிட்டது.

வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். “நான்-ரிஃப்ளெக்டிவ் போட்டுத் தர்றோம் சார், கண் கூசாது” என்றார்கள். கூசவில்லை, வாஸ்தவம். ஆனால் லட்சுமி பனிமூட்டத்துக்குள் நிற்கிறாள், சமிக்கி மின்னவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் படத்தின் மேல் படிய வைத்தால் தெளிவாகத் தெரிகிறது. ஒரு விரல்கடை தூக்கினால் மறுபடி மங்குகிறது. அடுத்த படத்தைக் கொடுப்பதற்கு முன் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

காரைக்குடி, பிரேம் கடை

அண்ணே, உங்களுக்குப் போட்டது மேட் கண்ணாடி. மேல்பரப்பை அமிலத்தில் லேசாக அரித்து எடுப்பது. அது பிரதிபலிப்பை ஒழிப்பதில்லை, சிதறடிக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் படத்தையும் அதே மாதிரிதான் சிதறடிக்கும். படத்தோடு ஒட்டி இருந்தால் தெரியாது, மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைக் கரை, வைத்து இடைவெளி விட்டால் மூட்டம் போட்டுவிடும்.

சரி, ஒட்டியே வைத்துவிடலாமே என்றால் அதுதான் கூடாது. ஐப்பசி மழை சமயத்தில் ஒருவர் பழைய முருகன் படத்தைக் கொண்டுவந்தார். வார்னிஷ் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருந்தது, வேலின் பக்கம் அப்படியே அப்பிக்கொண்டிருந்தது. நான் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இழுத்தால் வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930லிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று அனுப்பினேன்.

உங்கள் லட்சுமிக்குச் சமிக்கி வேறு இருக்கிறது. மவுண்டோ, சட்டத்தின் உள்ளோரத்தில் மறைவாக ஒரு பட்டியோ கொடுத்து, சமிக்கி கண்ணாடியைத் தொடாத அளவுக்கு இடம் விடுங்கள். இடைவெளி விட்ட படத்துக்குப் பளிங்கு மாதிரி தெரியணும் என்றால் பூச்சு போட்ட ஆன்டி-ரிஃப்ளெக்டிவ். சாதாரணக் கண்ணாடியில் ஒரு பக்கத்துக்கு 4 சதவீதம் வெளிச்சம் திரும்பும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் 8. நல்ல பூச்சுக் கண்ணாடியில் 1 சதவீதத்துக்கும் கீழே. விலையைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவகோட்டை, தங்கும் வீடு நடத்தும் ஆச்சி

அறைகளில் கட்டிலுக்கு மேலே மாட்டும் படங்களுக்கு நான் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தகடான அக்ரிலிக்தான் போடுவேன். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி எவ்வளவு பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? 2க்கு 3 அடிப் படத்துக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே 4 கிலோவைத் தாண்டும். அக்ரிலிக் 2 கிலோதான். கீழே விழுந்தாலும் யார் தலையிலும் சில்லு தெறிக்காது.

ஆனால் அதோடு ஒரு ரோதனை உண்டு. துடைக்கிற பெண் ஈரம் இல்லாத துணியை வைத்து அழுத்தித் தேய்த்தாள், வரிவரியாகக் கீறல். தேய்க்கத் தேய்க்க மின்னூட்டம் ஏறித் தூசியை வேறு இழுக்கிறது. கரிக்கோல் ஓவியத்துக்கோ, பேஸ்டல் என்கிற தூள் வண்ணக்கோல் ஓவியத்துக்கோ இதைப் போட்டால் தூளைத் தாளிலிருந்தே கிளப்பிவிடும். அதற்குக் கண்ணாடிதான்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர்

பூச்சுக் கண்ணாடி பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், பொட்டு பற்றி ஒருவரும் பேசவில்லையே! வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் எல்லாச் சாமி படத்துக்கும் சந்தனம், குங்குமம். காய்ந்த சந்தனத்தை விரல் நகத்தால் சுரண்டித்தான் எடுப்பார்கள். பூச்சுக் கண்ணாடி அதைத் தாங்காது, அக்ரிலிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூஜைக்கு இருக்கும் படத்துக்குச் சாதாரணக் கண்ணாடியே போதும், உள்ளே இடைவெளி மட்டும் இருக்கட்டும். பார்ப்பதற்கு மட்டும் மாட்டும் படத்துக்குத்தான் செலவு செய்யலாம்.

அப்புறம், யு.வி. கண்ணாடி போட்டாயிற்று என்று வளவை, அதாவது நடு முற்றத்தை, பார்த்த சுவரில் வெயில்படக் கொண்டுபோய் மாட்டாதீர்கள். நல்ல யு.வி. கண்ணாடி 99 சதவீதம் வரை புற ஊதாக் கதிரைத் தடுக்கும். சாதாரணக் கண்ணாடி குற்றலையைத்தான் நிறுத்தும், நெட்டலை உள்ளே வந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தை வெளுக்கும், அதைத் தெளிவான எந்தக் கண்ணாடியும் தடுக்காது. அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு வெளிச்சத்தின் அளவை 50 லக்ஸ் என்று வைப்பது அதனால்தான். மத்தியான வெயிலில் வளவிலிருந்து வருவது அதைப்போல் பல மடங்கு. நல்ல படத்தை இரண்டாங்கட்டுப் பக்கம் உள்சுவரில் மாட்டுங்கள். அந்தக் காலத்தில் படத்தின் தலையை முன்னுக்குச் சாய்த்து மாட்டினார்கள் இல்லையா? நிமிர்ந்து பார்க்கிறவருக்குப் படமும் நேராகத் தெரியும், எதிர் வாசல் வெளிச்சமும் கண்ணில் அடிக்காது. காசில்லாத வைத்தியம்.

பழைய சட்டத்தில் லேசாக அலையடிக்கும் கண்ணாடி இருந்து, அது உடையாமல் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமமாக்கும் மிதவை முறையை 1959இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது, அதற்கு முந்தைய கண்ணாடியாக இது இருக்கலாம். இனி அப்படி எளிதில் கிடைக்காது.

ஆத்தங்குடி, கல் பட்டறை

தரையில் பதிக்கும் எங்கள் பூக்கல்லைக் கண்ணாடி மேல்தான் வார்க்கிறோம், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. பட்டறையில் கழித்துப் போட்ட கண்ணாடியைப் படத்துக்குப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சிமெண்டும் மணலும் உரசிய கண்ணாடி அது, வெளிச்சத்தில் பிடித்தால் பொடிக் கீறல் தெரியும். வேண்டாம்.

கானாடுகாத்தான், வீட்டுக்காரர்

அப்படியென்றால் லட்சுமிக்குப் பூச்சுக் கண்ணாடி, அவள் முகப்பிலிருந்து உள்ளே வருகிறாள். மற்றதெல்லாம் பூஜைக்குப் போவதால் சாதாரணம். கடையில் பூச்சுக் கண்ணாடிதான் கொடுத்தார்கள் என்று எப்படி நம்புவது தம்பி?

காரைக்குடி, பிரேம் கடை

டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள் அண்ணே. சாதாரணக் கண்ணாடியில் லைட் வெள்ளையாகத் தெரியும், பூச்சுக் கண்ணாடியில் மங்கிப்போய்ப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். யு.வி. பூச்சும் உண்டு என்றால் எந்தப் பக்கம் உள்ளே வரணும் என்று உறையிலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடி மேல் அடிக்காதீர்கள், துணியில் அடித்துத் துடையுங்கள், இல்லையென்றால் சட்டத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். பின்பக்க அட்டையை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். பழைய பலகையில் ராமபாணப் பூச்சி இருந்தால் முன்னால் எந்தக் கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை.