ஏணையில் பழகிய பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்ற உதவி வேண்டும்

அக்காமார், தங்கச்சிமார், ஒரு உதவி. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு இப்போதுதான் ஆறு மாதம் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் நின்றபோது கூரை வளை மரத்தில் கட்டிய ஏணையில் (துணித் தொட்டிலில்) பழகிவிட்டாள். கட்டிலில் கிடத்தினால் கண் மூடமாட்டாள். இங்கே கொங்கிறீட் கூரை, கொளுக்கி இல்லை. ஏணை கட்ட வாங்கிய ஸ்டாண்டின் ஸ்பிரிங் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது. அவள் கண் அயரும் நேரம் பார்த்துக் கரையோர ரயிலும் வந்துவிடும்.

பெரிய பயம் அதுவல்ல. இப்போது குப்புறப் புரண்டு, ஏணை விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்க்கிறாள். துணி முகத்தை மூடிவிடுமோ என்று பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. அவளுக்குச் சோறும் பருப்பும் மசிக்கக்கூட அடுப்படிக்குப் போகப் பயம். குடும்பநல மாது, உறுதியான தட்டை மெத்தையில் மல்லாக்கக் கிடத்தச் சொல்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

மாற்றியவர்கள் எப்படிச் செய்தீர்கள்? பகல் தூக்கத்தில் தொடங்கினீர்களா, ஒரேயடியாகவா? அப்புறம், கம்பி இடைவெளி குறுகலான மரத் தொட்டில் பாவித்தது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தெஹிவளை, பம்பலப்பிட்டி என்றாலும் வந்து எடுப்போம்.