புதுப்பிப்பு: காங்கமாகஸ் நெடுஞ்சாலைப் பயணம்

அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க, நண்பர்களோடு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வெள்ளை மலைகளில் இந்த நெடுஞ்சாலை வழியாக லிங்கனிலிருந்து கான்வே வரை போக யோசனை கேட்டிருந்தேன், போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி.

லிங்கனிலேயே டேங்கை நிரப்பி, மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்கச் சொன்னதுதான் கைகொடுத்தது. சுமார் 34 மைலுக்கு பெட்ரோல் பங்கே கிடையாது, சிக்னலும் பெரும்பாலும் இல்லை. விடியற்காலையில் கிளம்பியதால் சபாடே அருவியில் பார்க்கிங் சுலபமாகக் கிடைத்தது.

எதிர்பாராதது: 2,855 அடி உயரக் கணவாயில் இலைகள் ஏற்கெனவே உதிர்ந்திருந்தன, கீழே கான்வே பக்கம்தான் மேப்பிள் மரங்கள் செக்கச்செவேல். மூஸ் (பெரிய வகை மான்) கொம்பு வைத்த தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்தான், நிஜ மூஸ் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம், சில இடங்களில் பார்க்கிங்குக்கு 5 டாலர் கட்டணம் உண்டு, சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.